லீலா சேச்சி வீட்டுக்குக் கிழக்கு

1

நம் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு மலரில் புலம்பெயர்ந்தவர்களுக்கு என்று நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், மஸ்கட்டிலிருந்து ஒருவர் எழுதிவிட்டார்களாம். மூன்றாவதாக என்னைக் கேட்டார்கள். நான் கடந்தது கடலை அல்ல, ஆரியங்காவுக் கணவாயை. பாவூர்சத்திரத்தில் பஸ் ஏறி, செங்கோட்டையில் ஒரு டீ குடித்து, மலை ஏறி இறங்கினால் நாலு மணி நேரத்தில் திருவனந்தபுரம், தம்பானூர் பஸ் ஸ்டாண்டு. பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. அம்மாவிடம் சொன்னபோது போனிலேயே சிரித்தாள்.

"நாலு மணி நேரம் போனதுக்கெல்லாம் கட்டுரையா? அப்போ தினமும் தென்காசி போயிட்டு வாரவன் எத்தன புஸ்தகம் எழுதணும்?"

பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "இன்னியோட மூணு வருசம் ஆச்சு பிரியா, நீ அங்க போயி" என்றாள்.

"ஆ, அல்லே" என்றேன்.

"என்னது?"

"ஆமாம்மா, ஆமான்னு சொன்னேன்."

இப்படித்தான் போகிறது. வாயில் ஒரு மொழி வந்து நிற்கிறது, கேட்பவர் வேறு மொழிக்காரர். இந்த ஊர்க் கடையில் பேசும்போது என் மலையாளம் தமிழாகிவிடுகிறது. அம்மாவிடம் பேசும்போது தமிழ் மலையாளமாகிறது. எதுவுமே முழுதாக இல்லாத மாதிரி ஓர் அரிப்பு.

இதை ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி எழுதுகிறேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது செய்தி. ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருக்காதவள் நான். ஆறு மாதத்துக்கு உட்கார வைத்திருக்கிறார்கள். ஏன் என்பதுதான் இந்தக் குறிப்பு.

2

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவர் வீடு வாங்க வங்கியில் கடன் கேட்கிறார். அந்த வீடு உண்மையிலேயே இருக்கிறதா, எத்தனை சதுர அடி, சுவரில் விரிசல் உண்டா, பத்திரத்தில் சொன்ன இடம்தானா என்று வங்கிக்காகப் போய்ப் பார்த்து, அளந்து, படம் எடுத்து, அறிக்கை கொடுக்க வேண்டும். கையெழுத்தும் முத்திரையும் ராஜன் சாருடையது. அவர் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்ற என்ஜினியர், இந்த ஊர்க்காரர். கால் என்னுடையது. ஒரு நாளைக்கு மூன்று வீடு, நாலு வீடு. ஸ்கூட்டர், ஹெல்மெட், டேப், லேசர் அளவுகோல், மழைக்கோட்டு. இந்த வேலையை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று சொன்னால் அம்மா கவலைப்படுவாள். அடுத்தவர் வீட்டுக்குள் முறையாக நுழைந்து, பரணைக் கூடப் பார்க்கச் சம்பளம் தருகிறார்கள்.

பிடிக்காதது ஒன்றுதான். காகிதம். காகிதம் என்றால் இப்போது கம்ப்யூட்டர் திரை. அறிக்கை போய்ச் சேரும் இடம் இந்த ஊர்க் கிளை அல்ல, சென்னையில் இருக்கும் வங்கியின் தலைமைப் பிரிவு. அவர்கள் வீட்டைப் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. அதனால் எல்லாவற்றையும் கேட்பார்கள். போன வருடம் ஒரு தளம் மட்டும் உள்ள வீட்டுக்கு அறிக்கை அனுப்பினேன். "லிஃப்ட் இல்லை எனில் காரணம் தருக" என்று திரும்பி வந்தது. ஒரே தளம் என்று எழுதினேன். ஒரே தளம் என்பதற்குச் சான்றாக மொட்டை மாடியின் படம் வேண்டும் என்று வந்தது. மாடிக்குப் படி கிடையாது. பக்கத்து வீட்டுப் பலாமரத்தில் ஏறி எடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் கேள்வி: படத்தில் மரக்கிளை தெரிகிறது, மரம் கட்டடத்துக்கு ஆபத்தா?

எங்கள் அலுவலகத்தில் பிந்து சேச்சி இதையெல்லாம் பிரிண்ட் எடுத்து, சாப்பாட்டு நேரத்தில் நாடக வசனம் மாதிரி வாசிப்பாள். சிரித்துவிட்டு மறுபடி போய்ப் படம் எடுப்போம்.

3

இசக்கிமுத்து அண்ணாச்சியின் வீட்டுக்குப் போனது ஐப்பசி மழையில். விழிஞ்ஞம் போகும் பாதையில், மெயின் ரோட்டை விட்டு இறங்கி ஓர் இடவழி. இடவழி என்றால் இரண்டு மதிலுக்கு நடுவே ஓடும் சந்து. மூன்று சென்ட் நிலம், இரண்டு அறை, ஒரு கிணறு. அவர் டைல்ஸ் போடும் மேஸ்திரி, சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். இங்கே வந்து இருபத்திரண்டு வருடம். அந்த வீட்டில் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருக்கிறார். வீட்டுக்காரர் சுகுமாரன் துபாயில் இருக்கும் மகனோடு போகப் போவதால், "நீதான் வேணும்னா எடுத்துக்கோ" என்று முதலில் இவரிடம் கேட்டிருக்கிறார். ஒப்பந்தம் போட்டு மூன்று மாதக் கெடு. துறைமுகம் வந்ததிலிருந்து அந்தப் பக்கம் நிலத்துக்கு வரிசை நிற்கிறது. கெடு தாண்டினால் வீடு வேறு ஆளுக்கு. இவர்கள் சட்டி பானையோடு வெளியே.

நான் கதவைத் தட்டி, பழகிப்போன மலையாளத்தில், பேங்கிலிருந்து வருகிறேன் என்றேன். உள்ளேயிருந்து அவர் மனைவி செல்வி அக்கா சொன்னது தெளிவாகக் கேட்டது: "யாரோ நனைஞ்சு நிக்காவ, என்னன்னு கேளுங்க."

நிக்காவ. மூன்று வருடத்தில் ஒரு கதவுக்குப் பின்னால் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை.

"அக்கா, நான் பாவூர்சத்திரம்" என்றேன்.

அவ்வளவுதான். துண்டு வந்தது, கருப்பட்டிக் காப்பி வந்தது, முறுக்கு வந்தது. நான் தன் சொந்தக்காரி என்பது போல அண்ணாச்சி என்னைச் சுற்றி வந்தார். "நம்ம பக்கத்துப் புள்ள என்ஜினியரா வந்திருக்கு பாத்தியா. மேடம், இந்த டைல்ஸெல்லாம் நான் போட்டது. வாடக வீட்டுக்கு எவனாவது சொந்தக் காசுல டைல்ஸ் போடுவானான்னு இவ ஏசுவா."

"ஏசாம கொஞ்சவா செய்வாவ" என்றாள் செல்வி அக்கா.

மழை நிற்கவில்லை. வெளியே நின்று அளந்து முடித்து, உள்ளே வந்து, படிவத்தில் நான்கெல்லை என்ற பகுதிக்கு வந்தேன். பத்திரத்தின் ஜெராக்ஸ் என் பையில் இருந்தது. கையால் எழுதிய பழைய மலையாளப் பத்திரம். இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பஸ் போர்டும் பத்திரிகையும் வாசிப்பேன். கையெழுத்து மலையாளம் எனக்கு வராது. அந்த எழுத்துகள் ஒன்றன் மேல் ஒன்று படுத்துத் தூங்கும். வழக்கமாக பிந்து சேச்சியிடம் கொடுத்துவிடுவேன். அன்று சேச்சி லீவு. ராஜன் சாரிடம் கேட்கலாம். கேட்டால், இத்தனை நாள் எப்படிச் சமாளித்தாய் என்பார். அதனால் அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"எல்லை சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டு ராகமாகச் சொன்னார். "லீலா சேச்சி வீட்டுக்குக் கிழக்கு. தோட்டுக்கு வடக்கு. இடவழிக்கு மேற்கு. ஜோசப் சாரு புரையிடத்துக்குத் தெற்கு." தோடு என்றால் ஓடை, புரையிடம் என்றால் தோட்டம். இருபத்திரண்டு வருடத்தில் அவர் தமிழில் இவையெல்லாம் குடியேறியிருந்தன.

நான் கட்டங்களை நிரப்பினேன். கிழக்கு: லீலா வீடு. வடக்கு: தோடு. மேற்கு: இடவழி. தெற்கு: ஜோசப்.

காப்பி நன்றாக இருந்தது. இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தேன்.

4

முதலில் வழக்கமான கேள்விகள் வந்தன. வீட்டு எண் படத்தில் தெரியவில்லை. பிச்சிக்கொடியை விலக்கிவிட்டு மறுபடி எடுத்தேன். கிணற்றுக்கு மூடி உண்டா? உண்டு, எடுத்தேன். விண்ணப்பதாரரும் ஆய்வாளரும் வீட்டின் முன் சேர்ந்து நிற்கும் படத்தில் விண்ணப்பதாரரின் கண் மூடியிருக்கிறது. திறக்கச் சொல்லி எடுத்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு நாள், மூன்று நாள் போயிற்று. அண்ணாச்சி தினமும் மாலை ஆறு மணிக்கு, வேலை முடிந்து கை கழுவியதும் போன் செய்வார். "மேடம், ஆயிருமா?" "ஆயிரும் அண்ணாச்சி." வெள்ளிக்கிழமை கெடு.

திங்கட்கிழமை சாயங்காலம் வந்த கேள்வியில் சிரிக்க ஒன்றுமில்லை. அறிக்கையில் உள்ள நான்கெல்லையும் பத்திரத்தில் உள்ள நான்கெல்லையும் முற்றிலும் முரண்படுகின்றன. சொத்தின் அடையாளம் ஐயத்துக்குரியது. கடன் நிறுத்தி வைக்கப்படுகிறது.

அடையாளம் ஐயத்துக்குரியது என்றால், நான் பார்த்தது வேறு யாருடைய வீட்டையோ என்று பொருள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே ஸ்கூட்டரை எடுத்தேன். மழை விட்டிருந்தது. இடவழியில் இறங்கி வீட்டைப் பார்த்து நின்றேன். சூரியன் என் முதுகுக்குப் பின்னால், இடவழிப் பக்கம் இருந்தது. நான் மேற்கு என்று எழுதிய இடவழி.

மகள் அஞ்சு பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. போன தடவை அவள் வீட்டில் இல்லை. அண்ணாச்சிக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. செல்வி அக்காவுக்கும் அப்படியே. அந்த வீட்டின் பத்திரத்தை அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். தமிழ் அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"நாம தமிழ்ல கேட்டா அவ மலையாளத்துல பதில் சொல்லுவா" என்றாள் செல்வி அக்கா, பெருமையா குறையா என்று தெரியாத குரலில்.

"அம்மைக்கு மனசிலாவுமல்லோ" என்றாள் அஞ்சு, அம்மாவுக்குத்தான் புரியுமே என்று. ஜெராக்ஸை வாங்கி, தலையைப் பின்னிக்கொண்டே என் அறிக்கையோடு ஒப்பிட்டாள். அரை நிமிடம் ஆகியிருக்காது.

"ஆன்ட்டி, இது மொத்தம் திரிஞ்ஞு போயல்லோ. கிழக்கு இடவழியா. லீலா ஆன்ட்டி படிஞ்ஞாறா."

படிஞ்ஞாறு என்றால் மேற்கு. எல்லாம் தலைகீழ்.

"நான் சரியாத்தான சொன்னேன்" என்றார் அண்ணாச்சி. "லீலா சேச்சி வீட்டுக்குக் கிழக்கு நம்ம வீடு. சரிதான?"

சரிதான். அவர் சொன்னது சரி. நான் எழுதியதுதான் தவறு.

5

நம் ஊர்ப் பத்திரங்களைப் படித்தவர்களுக்கு இது தெரியும். எப்படி எழுதுவோம்? மாடசாமி வீட்டுக்கு வடக்கு, பெருமாள் கிணற்றுக்குக் கிழக்கு, இதற்குள்பட்ட மனை. நான் தென்காசியில் முதல் வேலையில் இருந்தபோது நூற்றுக்கணக்கில் வாசித்திருக்கிறேன். நம் பத்திரம் பக்கத்து வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அதோ அந்தப் பக்கம் என்று நம் வீட்டைக் கைகாட்டும். பத்திரம் மட்டுமா? எங்கள் வீடு எங்கே என்றால் இன்றைக்கும் அம்மா, ரைஸ் மில்லுக்குப் பின்னால் என்பாள். மில் இடிந்து எத்தனையோ வருடம் ஆகிறது.

இந்த ஊர்ப் பத்திரம் அப்படியில்லை. நம் மனையின் நடுவில் நின்றுகொண்டு சுற்றிப் பார்க்கும். கிழக்கே இன்னது, தெற்கே இன்னது. வங்கியின் படிவமும் அப்படித்தான்.

மூன்று வருடத்தில் நான் இதைத் தப்பாக எழுதியதே இல்லை. ஏனென்றால் யாருடனும் தமிழில் பேசி எழுதியதில்லை. மலையாளத்தில் கிழக்கே என்று சொல்வார்கள், கிழக்குக் கட்டத்தில் எழுதுவேன். அன்றைக்கு ஒரு வள்ளியூர்க்காரர் நம் வழக்கில் சொன்னார். ஒரு பாவூர்சத்திரத்துக்காரி கருப்பட்டிக் காப்பியின் மயக்கத்தில், இந்த ஊர்க் கட்டத்தில் அதை அப்படியே இறக்கினாள். எங்களில் ஒருவர் மலையாளியாக இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது.

6

இனி இதைத் திருத்த வேண்டும். திரையில், பிழைக்கான காரணம் என்று ஒரு கட்டம். தட்டினால் மூன்று விடைகள் கீழே விரியும். விண்ணப்பதாரர் தவறான தகவல் அளித்தார். ஆவணத்தில் முரண். இடத்தில் முரண். நான்காவது இல்லை. ஆய்வு செய்தவள் தப்பு செய்தாள் என்று சொல்ல அந்தக் கம்ப்யூட்டரில் வழியே இல்லை.

ராஜன் சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் தமிழ் பேசினால் பாதி நாகர்கோவில், பாதி திருவனந்தபுரம்.

"நோக்கு பிரியா. 'இடத்தில் முரண்'னு போடு. வில்லேஜ் ஆபீஸ்லேந்து புதிய லொக்கேஷன் ஸ்கெட்ச் வாங்கிக் கொண்டு வரச் சொல்லு. நமக்கு ஒரு பிரச்னையும் இல்ல."

"வில்லேஜ் ஆபீஸ்ல ரெண்டு வாரம் ஆகும் சார். அவங்களுக்கு வெள்ளிக்கிழமை கெடு."

"அது அவருடெ காரியமல்லே."

"தப்பு நம்ம மேல சார். என் மேல."

"நம்ம மேலன்னு எழுதிக் கொடுத்தா நம்ம பேர்ல ஒரு ரிமார்க் விழும். மூணு விழுந்தா பேங்க் நம்மள லிஸ்ட்லேந்து எடுத்துடும். பிந்துவுக்குச் சம்பளம் யார் தருவா, நீயா?"

பிந்து சேச்சி கீபோர்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன். பிறகு சென்னைக்குப் போன் போட்டேன். அந்த எண்ணில் யாரும் எடுப்பதில்லை. பதினோராவது தடவை ஓர் இளைஞர் எடுத்தார். ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். கோப்பு எண், பிழை, எல்லை, திசை. அவருக்குப் பிடிபடவில்லை. "சொத்தே மாறிப்போச்சா மேடம்?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். கடைசியில் தமிழுக்கு வந்தேன்.

"சார், உங்க வீட்டுப் பத்திரம் பாத்திருக்கீங்களா?"

"எங்க அப்பாகிட்ட இருக்கு. திருவண்ணாமலைப் பக்கம்."

"அதுல எல்லை எப்படி எழுதியிருக்கும்? இன்னார் நிலத்துக்குக் கிழக்குன்னுதானே?"

"இன்னார் நிலத்துக்குக் கிழக்கு" என்று அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"ஐயய்யோ" என்றார் மெதுவாக. "அதை அப்படியே கட்டத்துல போட்டீங்களா?"

"போட்டேன்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அழுகைக்குப் பக்கத்தில் இருந்த சிரிப்பு.

"எனக்குப் புரியுது மேடம். மேல இருக்கறவருக்கு எப்படிப் புரியவைக்கறது? அவர் வடக்கே பிறந்தவர்." யோசித்தார். "ஒண்ணு பண்ணுங்க. ஆய்வில் நடந்த பிழைன்னு தெளிவா ஒரு கடிதம். யார் செஞ்சது, ஏன் நடந்துச்சு, எல்லாம். வீட்டு நடுவுல நின்னு நாலு பக்கமும் எடுத்த படம், திசையோட. உங்க சார் முத்திரை. நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள வந்தா நானே கையில எடுத்துட்டுப் போய் வைக்கிறேன். முத்திரை இல்லாம என்னால தொட முடியாது."

7

கடிதத்தை எழுதி சார் முன்னால் வைத்தேன். தவறு என்னுடையது, விண்ணப்பதாரர் சொன்னது சரி என்று இருந்தது. அவர் இரண்டு தடவை வாசித்தார்.

"ஒரு சம்சயம். ஆதாரத்துடெ காப்பி கையில இருந்ததல்லே? அதைப் பார்த்து எழுதாம எதுக்கு அவர்கிட்ட சோதிச்சே?"

ஆதாரம் என்றால் இங்கே பத்திரம், சோதிப்பது என்றால் கேட்பது. இந்தக் கேள்விக்குப் பயந்துதான் மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு நாலு வீடு ஓடியதில் பாதி இதற்காகத்தான் என்று அப்போது தோன்றியது.

"கையெழுத்து மலையாளம் எனக்கு வாசிக்க வராது சார்."

"எப்போ முதல்?"

"எப்பவுமே."

பிந்து சேச்சி தலையை நிமிர்த்தி, "நான் வாசிச்சு கொடுக்கும் சார்" என்றாள். என்னோடு அவளும் மாட்டிக்கொண்டாள்.

சார் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்து, மையில் ஒற்றி, கடிதத்தில் குத்தினார். பிறகு சொன்னார்: "அந்த ஆள் சரியாச் சொல்லியிருக்கார். அதனால இது. உனக்கு ஆறு மாசம் சைட் கிடையாது. பிந்துவுடெ பக்கத்துல நாற்காலி போட்டுக்கோ. தினமும் பத்து ஆதாரம். உறக்க, சத்தமா வாசிக்கணும், எனக்குக் கேக்கணும்."

புதன்கிழமை விடியும்போது அண்ணாச்சி வீட்டில் இருந்தேன். கூடத்தின் நடுவே, அவர் போட்ட டைல்ஸில் நாலு மூலை சேரும் இடத்தில் நின்றுகொண்டு, கிழக்கே ஒன்று, தெற்கே ஒன்று, மேற்கே ஒன்று, வடக்கே ஒன்று என்று ஜன்னல் வழியாகவும் வாசல் வழியாகவும் படம் எடுத்தேன். என் கடைசி சைட்டு அது. யாரும் காப்பி கொடுக்கவில்லை. கொடுத்தாலும் குடித்திருக்க மாட்டேன். அண்ணாச்சி வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றார். என்னை மேடம் என்றும் கூப்பிடவில்லை, புள்ள என்றும் கூப்பிடவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு எல்லாம் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்குப் பதில் இல்லை. மாலை ஆறு மணிக்கு அண்ணாச்சியின் போனும் வரவில்லை. அதுதான் மிகவும் உறுத்தியது. வியாழக்கிழமை மதியம் மூன்றரை மணிக்குத் திரையில் பச்சை விழுந்தது. பிழைக்கான காரணம் என்ற கட்டத்தில் சென்னைக்காரர் "ஆவணத்தில் முரண்" என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தார். வேறு வழி இல்லை போலும். கீழே குறிப்பில் மட்டும், ஆய்வாளர் கடிதம் காண்க.

8

வெள்ளிக்கிழமை பத்திரம். சாரிடம் இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டு போனேன். பதிவு அலுவலகத்துக்கு எதிரே, பத்திரம் எழுதுபவரின் சின்ன அறை. அண்ணாச்சி இஸ்திரி போட்ட சட்டையில், மூச்சை அடக்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அஞ்சு பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டிருந்தாள். வரைவை வரி வரியாகச் சரிபார்க்க வந்திருக்கிறாளாம். செல்வி அக்கா என்னைப் பார்த்து, இருக்கட்டும் என்பது போலத் தலையசைத்தாள். சுகுமாரன் பேனாவோடு தயாராக இருந்தார்.

பத்திரம் எழுதுபவர் வயதானவர். பழைய பத்திரத்தைப் பார்த்துத்தான் எல்லை எழுதுவார். ஆனாலும் வாங்குபவரின் வாயால் ஒரு தடவை கேட்டுக்கொள்வது அவர் வழக்கமாம். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அதிரு பறயூ" என்றார்.

அண்ணாச்சி வாயைத் திறந்தார். "லீலா சேச்சி வீட்டுக்கு..."

நான் எழுந்துவிட்டேன். அஞ்சு அவர் கையைப் பிடித்தாள். செல்வி அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அண்ணாச்சி நிறுத்தினார். எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, அந்தச் சின்ன அறையின் நடுவே போய், பாதங்களைச் சேர்த்து வைத்து நின்றார், டைல்ஸின் நாலு மூலை சேரும் இடத்தில் நிற்பவர் போல. முதலில் வாசல் பக்கம் திரும்பினார். மெதுவாக, ஒவ்வொரு பக்கமாகத் திரும்பி, கையை நீட்டி நீட்டிச் சொன்னார்.

"கிழக்கே இடவழி. தெற்கே தோடு. மேற்கே லீலா சேச்சி. வடக்கே ஜோசப் சாரு."

பத்திரம் எழுதுபவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அண்ணாச்சி கையை இறக்கவில்லை. இன்னும் ஒரு சுற்று மெதுவாகத் திரும்பினார். அப்புறம், யாரிடம் என்றில்லாமல், "நடுவுல நம்ம வீடு" என்றார்.

"அப்பா, அது எழுதண்டா" என்றாள் அஞ்சு.

"தெரியும்ட்டி. சும்மா சொன்னேன்."